உங்கட மாமா இழுத்த விமானம்

போன கிழமை மாமா வீட்டு வளவுக்குள் பிள்ளைகள் நீங்கள் விளையாடிக்கொண்டு நின்றபோது, ஒழுங்கையால் போன ஒருத்தர் வாசல் கடப்படியில் சைக்கிளை நிறுத்தி, "பைலட் நிக்காரா?" என்று கேட்டார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். சின்னவன் உள்ளே பார்த்து, "பைலட் மாமா, ஆள் வந்திரிக்கி" என்று கூப்பிட்டான். மாமா வந்தார், அந்த ஆளோடு கதைத்தார், திரும்பப் போனார். மாமி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே எடுத்துக்கொண்டா.

உங்களை நான் ஏசவில்லை. அந்தப் பேர் எங்கே இருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மாமா விமானம் ஓட்டின கதை ஏதோ இருக்கிறது, பெரியவர்கள் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். ஊரில் ஒருத்தருக்குப் பட்டப்பேர் விழுந்தால் அது ஏன் விழுந்தது என்பது மறந்துபோகும், பேர் மட்டும் நிற்கும். இனிமேல் நீங்கள் அதைச் சொல்லக் கூடாது. ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் எனக்குப் பாதியில் நின்றுவிடும். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், சைக்கிள் திருத்துகிற கை. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

எங்கட பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தால் ஆம்பிளை பெண்வீட்டுக்குப் போய்விடுவான். உங்கட அம்மாவைக் கலியாணம் முடித்து நான் அமிர்தகழிக்கு வந்தது அப்படித்தான். கடற்கரையில் இருந்த எங்கட வீடு என்ட தங்கச்சிக்கு, அதாவது உங்கட மாமிக்குப் போனது. எங்கட அம்மாவும் அவவோடே இருந்தா. மாமா கரடியனாற்றில் இருந்து அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாய் வந்தார்.

அவர் வயல் மனிதர். கடலில் கால் நனைக்கவும் போகமாட்டார். "இது என்ன தண்ணி, வரம்பும் இல்ல, தண்ணி திறந்துவிட வக்கடையும் இல்ல" என்று சொல்லிக்கொண்டு தூரத்தில் நிற்பார். பெண்வீட்டில் குடியிருந்தாலும் மனம் முழுக்க, கடலோடு சேர்ந்து கிடக்கிற வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், அவருடைய வட்டையில், அந்த வயல்வெளியில்தான் கிடந்தது. அங்கே அவருக்குத் தகப்பன் விட்டுப்போன ஒரு பழைய உழவு மிசின், நாலு சில்லு ட்ரக்டர், இருந்தது. நாலு நாளைக்கு அங்கே நிற்பார், இரண்டு நாளைக்கு இங்கே. மாமி சொல்லுவா, "இவருக்கு அங்கால ஒரு குடும்பம் இரிக்கி. சில்லு வச்ச குடும்பம்" என்று. அப்போதெல்லாம் மாமி ஒரு கதையைச் சும்மா விடமாட்டா.

இன்னொன்றும் சொல்லவேண்டும். படுவான்கரையில் யாருடைய மிசின் சேற்றில் தாழ்ந்தாலும் மாமாவைத்தான் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். நானும் ஒருமுறை உன்னிச்சைப் பக்கம் அவரோடு போய்ப் பார்த்தேன். முன்சில்லு பாதி சேற்றுக்குள். சுற்றி நின்றவர்கள் தள்ளுங்கோ, கிண்டுங்கோ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் வைக்கோலையும் கம்பையும் சில்லுக்கு முன்னால் திணித்தார். சங்கிலியைத் தாழ்ந்த மிசினின் முன்பக்கம் கட்டி, தன்ட மிசினில் ஏறி, ஒரே இழுவை. வெடுக்கென்று வெளியே வந்துவிட்டது. ஏன் இவ்வளவு வேகமாய் என்று கேட்டதற்கு, "மச்சான், சேறு உறிஞ்சும். ஆற அமர இழுத்தா அது இன்னும் உள்ளுக்கு எடுக்கும். அதுக்கு யோசிக்க நேரம் குடுக்கப்படா" என்றார். அது அவர் மட்டும் கண்டுபிடித்ததில்லை. வயல் செய்கிற எல்லாருக்கும் அது கைப்பழக்கம்.

சுனாமி வந்த அந்த மாரியில் ஏற்கெனவே மழை கொட்டியிருந்தது. வெள்ளம் வற்றாமல் வயலும் ரோட்டும் ஒன்றாய்க் கிடந்தன. மாமா வட்டையில் காவலுக்கு நின்றார். காலைச் சாப்பாட்டு நேரம் கடல் வந்தது. நான் அமிர்தகழியில் இருந்து ஓடிப் போனதையும் வழியில் கண்டதையும் இதில் எழுதப்போவதில்லை. எங்கட அம்மாவை அதற்கு மறுகா நாங்கள் காணவேயில்லை. தங்கச்சியைப் பின்னேரம் ஆஸ்பத்திரி விறாந்தையில் கண்டெடுத்தேன். வெறும் சீமெந்தில் கிடந்தா. கூரைத் தகரம் ஒன்று வலது காலை முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியக் கிழித்திருந்தது. புண்ணுக்குள் கடல் மண்.

என்னைக் கண்டதும் அவ கேட்டது, "அம்மாவக் கண்டீங்களா?" என்றுதான். நான் குனிந்து காலைப் பார்த்தேன். அவ முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா.

கழுவித் தைத்தார்கள். இருந்த சனத்துக்கு இருந்த டொக்டர்மார் காணாது. யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தைத்த புண் உள்ளுக்குள் பழுதாகத் தொடங்கியது. மாமா வெள்ளத்துக்குள்ளால் மிசினில் வந்து சேர்ந்த அன்றே வார்டுக்குள் அந்த மணம் இருந்தது. அவர் கட்டிலின் கால்மாட்டில் போய்க் குந்தினார். நல்ல காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். மாமிதான், "நீங்க ஏன் அழுறீங்க, உங்களுக்கா தகரம் வெட்டின?" என்று கேட்டா.

மறுநாள் டொக்டர் எங்களை வெளியே கூப்பிட்டார். அவர் எங்கட ஆள், இளம் வயது, நித்திரை இல்லாத கண். "கொழும்புக்குக் கொண்டுபோனால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். சுணங்கினால் கால் மட்டுமில்லை, உயிருக்கும் சொல்ல ஏலாது" என்றார். ரோட்டு பல இடத்தில் வெள்ளத்துக்குள் கிடந்தது. ஹெலி வரும் என்றார்கள், வந்தது, வேறு எங்கேயோ போனது. கடைசியில் அந்த டொக்டரே ஓடித் திரிந்து ஒரு வழி செய்தார். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் சின்ன விமானம் மருந்துப் பெட்டிகளோடு வாவிக்கரை விமானத் தளத்துக்கு வருகிறது. திரும்பும்போது வெறுமையாய்த்தான் போகும். அதில் ஒரு நோயாளிக்கு இடம்.

பெட்டிகளை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர உழவு மிசினும் அதன் பின்னால் பூட்டுகிற மிசின்பெட்டியும் வேண்டும் என்று கேட்டார்கள். லொறியெல்லாம் வேறு வேலைக்குப் போயிருந்தன. மாமா முந்திக்கொண்டு, "நான் வாறன்" என்றார். என்னிடம் சொன்னார், "பெட்டிய இறக்கிப்போட்டு அவவ நானே ஏத்திவிடுவன் மச்சான். கையால தூக்கி ஏத்திவிட்டாத்தான் எனக்கு மனம் ஆறும்."

இப்படித்தான் மாமா தன்ட மிசினோடு அந்தத் தளத்துக்குப் போனார்.

சின்னத் தளம் அது. ஒரு தார் ஓடுபாதை, இரண்டு பக்கமும் புல்லு, புல்லுக்கு அங்கால் வாவி. நாங்கள் அம்புலன்ஸ் வானை ஓரத்தில் நிறுத்திக்கொண்டு காத்திருந்தோம். மாமி உள்ளே படுத்திருந்தா, உடம்பு அடுப்பு மாதிரிக் கொதித்தது. நான் சேலைன் போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னேரம், வானம் கறுத்துக்கொண்டு வந்தது. விமானம் வாவிக்கு மேலால் வந்து நல்லபடியாய் இறங்கியது. ஒற்றை விசிறி வைத்த சின்ன விமானம். மூக்குக்குக் கீழே ஒரு சில்லு, பிறகு பக்கத்துக்கு ஒன்று. ஓடுபாதையின் அந்தக் கோடி வரைக்கும் ஓடித் திரும்பியது. திரும்புகிற இடத்தில் கொஞ்சம் அகலமாய்த் திரும்பிவிட்டது. மூக்குச் சில்லும் ஒரு பக்கச் சில்லும் தாரை விட்டுப் புல்லில் இறங்கின. பார்வைக்குப் பச்சைப் புல்லு, கீழே மழை ஊறின களி. விமானம் ஒரு பக்கம் சரிந்து நின்றுவிட்டது. விசிறியும் நின்றது.

பெட்டிகளை இறக்கிப் பாரத்தைக் குறைத்தார்கள். எல்லாரும் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். தளத்து ஆட்கள், மருந்து எடுக்க வந்தவர்கள், நானும் போத்தலை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போய்த் தள்ளினேன். மூக்குச் சில்லு அசைய மறுத்தது. விமானி ஒரு வெள்ளைக்காரர், நரைத்த மனிதர். அவர் அவசரப்படவில்லை. பலகை எடுத்து வரச் சொன்னார். சில்லைச் சுற்றி மண்ணைக் கிண்டி, பலகை வைத்து, மெதுவாய் எடுக்கலாம் என்று கையால் காட்டினார். தளத்து அதிகாரி ஒருத்தர், சிங்களப் பொடியன், நல்லாய்த் தமிழ் கதைப்பார். அவர் எங்களுக்குச் சொன்னார். பலகைக்கு ஆள் போனது. போன ஆள் வரவில்லை. மழை தொடங்கப் பார்த்தது. மழை பிடித்தால் இன்றைக்குப் போக ஏலாது என்று விமானி வானத்தைக் காட்டினார்.

மாமா எல்லாத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். உன்னிச்சையில் பார்த்த அதே முகம். ஆள் ஆளுக்கொன்று சொல்ல, தனக்கு வழி தெரியும் என்று நிற்கிற முகம். மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். அவர் ஒருத்தர்தான் சில்லைப் பார்த்தார்.

"ஐயா, நான் மிசினைக் கட்டி எடுத்துத் தாறன்" என்றார் அதிகாரியிடம்.

அதிகாரி விமானியிடம் கேட்டார். விமானி யோசித்தார். பிறகு தலையாட்டினார். கயிறு கட்டலாம், ஆனால் ஆட்கள் மூக்கைத் தூக்கிப் பிடிக்க, மிசின் மெள்ள மெள்ள, நேராய் இழுக்கவேண்டும். அதிகாரி அதைத் தெளிவாய்த்தான் சொன்னார். "அண்ணே, சரியான மெதுவா. இது உழவு மிசின் இல்ல."

"மெதுவா இழுத்தா தாழும் ஐயா. சேத்துக்கு எல்லாச் சில்லும் ஒண்டுதான்."

"இல்ல அண்ணே, மெதுவா."

"சரி ஐயா."

மாமா மிசினைக் கொண்டு வந்தார். அந்தச் சத்தம் கேட்டு மாமி வானுக்குள் கண்ணைத் திறந்து, "எங்கட மிசினல்லவா இது?" என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறா. ஓம் என்றதும், "என்னை ஏத்தமுதல் பிளேனையும் உழப்போறாராக்கும்" என்று சொல்லிச் சிரித்தாவாம். அந்தக் காய்ச்சலிலும்.

அவர் வைக்கோலுக்குப் பதில் புல்லை அறுத்து, பற்றைக் கம்பு வெட்டி, சில்லுக்கு முன்னால் திணித்தார். கயிற்றை மூக்குச் சில்லின் காலில் கட்டினார். அந்தக் கால் கொக்குக் கால் மாதிரி. அது வெறும் பாரத்தைத் தாங்குகிற கால், இழுவை தாங்குகிற கால் இல்லை என்று இன்றைக்கு எனக்கும் தெரியும். அன்றைக்கு அங்கே நின்ற எங்கட ஆட்கள் ஒருத்தருக்கும் அது பிழையாய்ப் படவில்லை. மிசினை முன்னுக்குத்தானே கட்டுவோம். விமானி அந்தப் பக்கம் செட்டைக்கு, அதாவது இறக்கைக்குக் கீழே ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார்.

அதிகாரி கையைக் காட்டினார். மாமா முதலில் மெதுவாய்த்தான் எடுத்தார். இதை நீங்கள் மறக்கக் கூடாது. சொன்னபடி மெதுவாய்த்தான் எடுத்தார். கயிறு இறுகியது. சில்லு வருவதற்குப் பதில் ஒரு விரல் அளவு உள்ளுக்குப் போனது. எல்லாரும் கண்டோம். அவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவரும் கண்டார். அவருடைய கை அதற்குப் பிறகு அதிகாரியின் பேச்சைக் கேட்கவில்லை. எத்தனையோ வருசமாய்ச் செய்ததைச் செய்தது. கிளச்சை விட்டார். ஒரே இழுவை.

சத்தம் பெரிதாய் இல்லை. காய்ந்த கம்பு முறிகிற மாதிரி. மூக்குக் கால் மடிந்தது. விமானம் முகம் குப்புற விழுந்தது. விசிறியின் ஒரு இலை மண்ணில் குத்தி வளைந்து நின்றது. வால் மேலே எழும்பிவிட்டது. தூக்கிப் பிடித்தவர்கள் நல்ல காலத்துக்கு விலகிவிட்டார்கள்.

மிசின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மாமா அதை நிறுத்தாமல் இருந்தார். அதிகாரி ஏறிப்போய் நிறுத்தினார். அப்போதுதான் மாமா இறங்கினார். நேரே விமானத்தடிக்குப் போய், மூக்குக்குக் கீழே தோளைக் கொடுத்து, தனி ஆளாய் அதைத் தூக்கப் பார்த்தார். கால் சேற்றில் வழுக்கியது. திரும்பவும் தோளைக் கொடுத்தார். நான் போய்ப் பிடித்தேன். என்னை உதறினார். அந்த வெள்ளைக்காரர் வந்து அவருடைய கையைப் பிடித்து, ஏதோ சொல்லி, மெள்ளக் கூட்டிக்கொண்டு வந்து புல்லில் இருத்தினார். அதிகாரி சொன்னார், "இது இரும்பு, இதைப் பிறகு செய்யலாம் எண்டு சொல்றார் அண்ணே."

மாமா அம்புலன்ஸ் வானைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இனி ரோட்டால்தான் போகவேண்டும். பொலன்னறுவை ஆஸ்பத்திரிக்காவது போய்ச் சேர்ந்தால் போதும் என்று டொக்டர் போனில் சொன்னார். மாமா வானில் ஏறப் போனார். அதிகாரி மறித்தார். விமானம் உடைந்திருக்கிறது, மேலே இருந்து ஆட்கள் வந்து விசாரிக்கும் மட்டும் நீங்கள் இங்கே நிற்கவேண்டும் என்றார். கடுமையாய்ச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலம் எப்படிப்பட்டதென்று உங்களுக்குத் தெரியாது. சண்டை நின்றிருந்தது, சந்தேகம் நிற்கவில்லை. எங்கட ஆள் ஒருத்தன் ஒரு தளத்துக்குள் விமானத்தை உடைத்தால் அது வெறும் பிழை என்று முதலில் யாரும் எடுக்கமாட்டார்கள். மாமா கைகூப்பவில்லை, கெஞ்சவில்லை. வான் கதவடியில் வந்து நின்றார்.

மாமி, "நீங்களும் வாங்களன்" என்றா.

"நீ போ. நான் மறுகா வாறன்."

"பிளேன் எங்க?"

நான் கதவைச் சாத்தினேன்.

ரோட்டில் ஒரு இடத்தில் வெள்ளம் குறுக்கே பாய்ந்தது. வான் அதைக் கடக்க ஏலாமல் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் தங்கினோம். தண்ணீர் இறங்கி நாங்கள் போய்ச் சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. கொண்டுபோனதும் உள்ளே எடுத்தார்கள். முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள்.

இதுக்குப் பிறகு நடந்ததுதான் நான் எழுத வந்தது.

வெட்டின டொக்டர் சிங்களவர், வயசான மனிதர். வெளியே வந்து என்னோடு ஒரே வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்தார். ஓட்டமாவடியைச் சேர்ந்த முஸ்லிம் ஆள் ஒருத்தர் அந்த வார்டில் வேலை செய்தார், அவர்தான் மொழிபெயர்த்தார். நான் விமானத்தின் கதையைச் சொல்லிக் கேட்டேன், நேற்றே கொழும்புக்குப் போயிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று. டொக்டர் என்ட பக்கம் திரும்பி இருந்தார். பிறகு சொன்னார். நேற்று வந்திருந்தாலும் வெட்டவேண்டி வந்திருக்கலாம். வெட்டவேண்டி வராமலும் விட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது, இதை யாராலும் சொல்ல ஏலாது. மொழிபெயர்த்தவர் எனக்கு அதை இரண்டு தரம் சொன்னார். "விளங்கிச்சா தம்பி? தெரியாதெண்டுதான் சொல்றார். ஆறுதலுக்குச் சொல்றதில்ல."

மாமாவை விசாரித்து, சதி ஒன்றுமில்லை என்று கண்டு விட்டுவிட்டார்கள். அவர் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். வார்டு வாசலில் நின்று போர்வையைப் பார்த்தார். ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தட்டையாயும் கிடந்தது. மாமி நித்திரை. அவர் உள்ளே போகாமல் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"மச்சான், டொக்டர் என்ன சொன்னவர்?"

நான் டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்ட தோளில் கையை வைத்து, "நீங்க நல்ல மனிசன் மச்சான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கட பக்கத்தில் செத்த வீட்டுக்குப் போனாலும், பழுதுபட்ட வீட்டுக்குப் போனாலும், ஆள் மனம் உடைந்து இருந்தால் நாங்கள் உண்மை சொல்வதில்லை. நோகாமல் போனார் என்போம். விதி என்போம். கடைசியாய் உன்னைத்தான் கேட்டவர் என்போம். சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். அதில் ஒரு குறையும் இல்லை, அது எங்கட மரியாதை. ஆனால் அந்த மரியாதைக்குள் என்ட உண்மைச் சொல்லும் போய் விழுந்துவிட்டது. நான் என்ன செய்தும் அதை வெளியே எடுக்க ஏலவில்லை.

"சத்தியமா மச்சான், அவர் தெரியாதெண்டுதான் சொன்னவர்" என்றேன்.

"ஓம் மச்சான்" என்றார்.

கடற்கரை வீட்டில் அத்திவாரம் மட்டும்தான் மிஞ்சியது. மாமா மாமியைக் கரடியனாற்றுக்குத் தன்ட தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெண்ணை ஆம்பிளை வீட்டுக்குக் கொண்டுபோவது எங்களுக்குள் வழக்கமில்லை. சனம் கதைத்தது. அங்கேதான் பட்டப்பேரும் தொடங்கியது. தாழ்ந்த மிசினை எடுக்கக் கூப்பிட வந்தவன் ஒருத்தன், அவர் வரமாட்டேன் என்றதும், "பைலட்டுக்கு இனி எங்கட மிசின் கண்ணுக்குத் தெரியாது" என்று பகிடி விட்டுப்போட்டுப் போயிருக்கிறான். மாமா தன்ட வயலை உழுவார், நெல் ஏற்றுவார். ஆனால் எவனுடைய மிசினையும் இழுக்கமாட்டார். தன்ட மிசினையும் எவனையும் இழுக்க விடமாட்டார்.

மறுகா சண்டை திரும்ப மூண்டது. படுவான்கரையில் செல் குண்டு விழத் தொடங்கின நாட்களில் சனம் எல்லாம் வாவிக்கு இங்கால் வர வெளிக்கிட்டது. மாமா மிசின்பெட்டியில் பாயைப் போட்டு மாமியை ஏற்றி, நெல்லுமூட்டையும் ஏற்றி, பெரிய ரோட்டில் சனம் நெருங்கி நின்றதால் வட்டைக்குள்ளால் எடுத்தார். ஒரு வாய்க்காலடியில் மிசின் தாழ்ந்தது. இதை மாமி எனக்கு அகதி முகாமில் வைத்துச் சொன்னா.

"பின்னால வந்த மிசின்காரன் சங்கிலியக் கழட்டி எறிஞ்சான் அண்ணன். கட்டு, ஒரே இழுவையில எடுத்துத் தாறன் எண்டான். இவர் கட்டுறார் இல்ல. சங்கிலியப் பிடிச்சிக்கிட்டு நிக்கார். பெட்டிக்கு மேல நான் இரிக்கன், அங்கால செல் கூவிப் போகுது. அவன் ஏசுறான், பைத்தியமா உனக்கு, கட்டு எண்டு. இவர் சங்கிலியத் திரும்பக் குடுத்துப்போட்டு, என்னைத் தோளில போட்டுக்கிட்டு நடக்கத் தொடங்கிட்டார். நெல்லும் போச்சு, மிசினும் போச்சு. நான் முதுகில குத்திக் குத்திக் கேக்கன், ஏன் விட்டுட்டு வாறீங்க எண்டு. நடந்துகிட்டே இரிக்கார்."

திரும்பிப் போனபோது மிசினின் வெறும் சட்டகம்தான் வாய்க்காலில் கிடந்தது. டயரும் இல்லை, இஞ்சினும் இல்லை. அன்றையில் இருந்து மாமா மற்றவர்களின் வயலில் கூலிக்கு நிற்கிறார்.

சண்டை முடிந்த பிறகு ஒருநாள் நான் கரடியனாற்றுக்குப் போயிருந்தேன். மாமிக்குப் பொய்க்கால் கொடுத்திருந்தார்கள். அதைப் போடப் பிடிக்காமல் சுவரில் சாத்தி வைத்திருந்தா. மாமா குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். மாமி என்னைப் பார்த்து, "அண்ணன், இப்ப அவர் இல்ல. எனக்கெண்டாலும் சொல்லுங்க. அந்த டொக்டர் உண்மையில என்ன சொன்னவர்?" என்று கேட்டா.

"சொன்னதுதான் புள்ள. தெரியாதெண்டார்."

"இத்தினை வருசமா அதையே சொல்றீங்க."

"அவர் சொன்னது அதுதானே."

மாமி சிரித்தா. பழைய சிரிப்பு இல்லை. "சின்னனில என்ட கோழிய நாய் பிடிச்ச நேரம், அது பறந்து அங்கால வளவுக்குப் போயிற்றெண்டு சொன்ன ஆள்தானே நீங்க. நான் ஒரு மாசமா வேலிக்கு மேலால பாத்துக்கிட்டு நிண்டன்."

"இது அப்பிடி இல்ல."

"சரி, விடுங்க. எனக்கு அவரில கோபம் இல்ல. கால் கடல் தண்ணியில போனது, அவர் கொண்டுபோகல்ல. ஆனா அவருக்கு அதச் சொன்னா, நான் உங்களப்போல பொய் சொல்றனெண்டு நினைக்கார்."

மாமா வாளியோடு வந்தார். நாங்கள் கதையை நிறுத்தினோம். நிறுத்தின விதத்தில் என்ன கதை நடந்ததென்று அவருக்குத் தெரிந்திருக்கும். வாளியை வைத்துவிட்டு, நிரம்பி இருந்த மற்ற வாளியையும் எடுத்து வெளியே ஊற்றிவிட்டு, அதோடு திரும்பவும் குழாயடிக்குப் போனார்.

அந்தக் கிழமையே நான் பொலன்னறுவைக்கு பஸ் எடுத்தேன். அந்த டொக்டரைக் கண்டு, கையோடு கூட்டிக்கொண்டு வராவிட்டாலும், அவர் வாயால் மாமாவுக்குப் போனில் ஒரு வார்த்தை சொல்ல வைக்கலாம் என்று நினைத்தேன். சொந்தக்காரன் சொன்னால்தானே ஆறுதல். வெட்டின கை சொன்னால் நம்பத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில் கதவு கதவாய்க் கேட்டேன். எனக்கு அவருடைய பேர் தெரியாது. வயசான மனிதர், கண்ணாடி போட்டவர், மெதுவாய்க் கதைப்பார், சுனாமி நேரம் இந்த வார்டில் நின்றவர் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ஒருத்தர், அப்படி ஒரு டொக்டர் இளைப்பாறிப் போய்விட்டார், எந்த ஊரென்று தெரியாது என்றார். இன்னொருத்தர், அவர் செத்துப்போனார் என்றார். ஓட்டமாவடி ஆளைக் கேட்டேன். அவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம். அன்றைக்கு நாங்கள் இருந்த வாங்கையும் மாற்றிவிட்டார்கள்.

பின்னேர பஸ்ஸில் திரும்பினேன். வழியில் பஸ் மாறி, மாமி வீட்டுச் சந்தியில் இறங்கி ஒருக்கால் எட்டிப் பார்த்தேன். களைத்துப்போய் நின்ற என்னை மாமி ஏற இறங்கப் பார்த்தா.

"எங்க போயிட்டு வாறீங்க அண்ணன்?"

"என்ட கடைக்கு டயரும் டியூப்பும் எடுக்கப் போனன். கிடைக்கல்ல."

அதை அவ உடனே நம்பிவிட்டா. இருந்து சாப்பிட்டுப் போங்க என்று, கம்பை ஊன்றிக்கொண்டு சோத்துக் கோப்பை எடுக்கப் போனா.